சிப்பாய் தின்ற சாக்லேட்

அருகன் துணை
திண்டிவனம்
9.11.1986

என் அக்காள் பெற்ற ரத்தினமே, சந்திரகாந்தா,

திண்டிவனம் மல்லாட்டை மண்டிகளின் முடிசூடாச் சக்கரவர்த்தியும், உன் ஒரே தாய்மாமனுமாகிய ஜினபாலன் எழுதிக்கொள்வது. "வாய் சாக்லேட் கேக்குது மாமா. கடைச் சாக்லேட்டுல முட்டை கலந்திருக்கும்னு அத்தை வாசப்படியே ஏத்தமாட்டேங்கிறாங்க" என்று எழுதியிருந்தாய். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சியின் ஆசை! படித்ததிலிருந்து மூன்று நாளாக நான் உறங்கவில்லை. மதியத் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காதே.

குயிலாப்பாளையத்துக்குக் கடலை எண்ணெய் கொண்டுபோகிறேன் அல்லவா? அங்கே ரொட்டி சுடும் வெள்ளைக்கார அம்மாளிடம் கொக்கோ தூள் வாங்கிவிட்டேன். அவருக்குத் தமிழில் நாலு வார்த்தை, எனக்கு அவர் பாஷையில் அரை வார்த்தை. கையும் காலும்தான் பேசின. முட்டை கிடையாது, ஏதோ மரத்துக் கொட்டையை அரைத்ததாம். டப்பாவைத் திறந்தேன், செஞ்சி மலைக் குரங்கெல்லாம் இறங்கி வந்து என் மண்டி வாசலில் வரிசை கட்டிவிட்டன.

சர்க்கரையைக் கம்பிப் பாகு வை. வெண்ணெய், பால் பவுடர், இந்தத் தூள் மூன்றையும் போட்டுக் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டு. இறுகியதும் வில்லை போடு. அந்த அம்மாள் ஒரு கரண்டித் தூள் போதும் என்று விரலைக் காட்டினார். நம் வம்சத்துக்கு ஒரு கரண்டியா? வெளியே சொன்னால் வெட்கம். நாலு போடு!

முதல் வில்லை, முட்டைக்குப் பயந்த உன் மாமியாருக்கு. இரண்டாவது உள்ளே கொலு வீற்றிருக்கும் இளவரசனுக்கு.

உன் மாமன்
ஜினபாலன்

*

விழுப்புரம்
14.11.1986

அன்புள்ள மாமாவுக்கு,

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள். பக்கத்து வீட்டு லூர்துமேரி டீச்சர் பெயருக்குப் போடுங்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே பயிற்சிக்குத் திருச்சி போயிருக்கிறார். வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான்.

புதன்கிழமை மதியம் கிளறினேன். மழை ஈரமோ, பாகு பதம் தப்பியதோ, தட்டில் கொட்டியது இறுகவேயில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம், பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்தபின் இந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. ராத்தங்கியதை அத்தை மறுநாளும் தொடமாட்டார். "போவுது விடு. காலைல சிப்பாய்க்குப் போட்டுடறேன். அதுவாவது துன்னட்டும்" என்றார். சிப்பாய் எங்கள் தெரு நாய். போன தடவை உங்கள் வேட்டியை இழுத்ததே, அதுதான். தினமும் அத்தை கையால்தான் அதற்குச் சோறு.

நேற்றுக் காலை தட்டைத் துடைத்து வைத்ததுபோல் நக்கித் தின்றது. கொஞ்ச நேரத்தில் வாந்தி. பிறகு கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அத்தை அதன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊட்டப் பார்த்தார். இறங்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் செத்துப்போயிற்று.

மாமா, யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன். புதன்கிழமை விளக்கு வைத்தபின், அத்தை பூசை அறையில் இருக்கும்போது, நான் வாணலியை வழித்துத் தின்றேன். ஒரு வாய் அல்ல, ஒட்டியிருந்த அவ்வளவையும். ஆசை அடங்கவில்லை. பொழுது சாய்ந்து தின்ற பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாயைக் கொன்றது என் வயிற்றிலும் இருக்கிறதே?

நேற்றிலிருந்து பிள்ளை அசைவது தெரியவில்லை.

அத்தை என்னோடு பேசுவதில்லை. டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் எங்கே திரும்பினாலும் அவர் கண் என்மேல் இருக்கிறது.

அந்த டப்பாவில் என்ன இருந்தது மாமா?

சந்திரா

*

திண்டிவனம்
16.11.1986

கண்ணு சந்திரா,

என் வேட்டியைக் கடித்த நாய் உயிரோடு இருந்ததே உலக அதிசயம். அது பட்டாளத்துச் சிப்பாயைப்போல் வீர மரணம்

இப்படித்தான் தொடங்கினேன். மேலே எழுத வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையாவது அடிக்காமல் விடுகிறேன்.

டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டாய். கொக்கோ என்றுதான் நினைத்தேன். நாக்கில் தொட்டேன், வேப்பங்காயாய்க் கசந்தது, துப்பிவிட்டேன். அந்த அம்மாள் சொன்னதும் நான் புரிந்துகொண்டதும் ஒன்றுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நேற்றே குயிலாப்பாளையம் ஓடினேன். ரொட்டிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. "அம்மா ஊர்ல இல்லீங்க, செவ்வாக்கெயமதான் வருவாங்க" என்றாள் அங்கே வேலை செய்யும் கெங்கம்மாள்.

அதுவரை என்னால் சும்மா இருக்க முடியாது. உனக்கு அனுப்பிய தூளில் கொஞ்சம், சர்க்கரை போட்டுப் பார்க்கலாம் என்று எனக்கும் எடுத்து வைத்திருந்தேன். இப்போது அதில் நாலு கரண்டியை வெந்நீரில் கரைத்துக் குடித்துவிட்டேன். பயப்படாதே, பொழுது இன்னும் சாயவில்லை. நாளை சாயங்காலம்வரை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடமாட்டேன். கீழே இன்னொரு வரி இருந்தால் மாமன் இருக்கிறான் என்று புரிந்துகொள்.

17ஆம் தேதி, சாயங்காலம். இருக்கிறேன். நெஞ்சு மட்டும் நெல் மிஷின் மாதிரி அடித்துக்கொள்கிறது. தூளாலா பயத்தாலா தெரியவில்லை. நான் மூட்டை தூக்குகிற உடம்பு. உள்ளே இருப்பது உள்ளங்கை அளவு. நீ டாக்டரிடம் போ.

ஜினபாலன்

*

விழுப்புரம்
18.11.1986

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஏன் அதைக் குடித்தீர்கள்? கீழே இருந்த அந்த வரியைப் படிக்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

டாக்டரிடம் தனியாகப் போக முடியாது. அத்தையும் கூட வருவார். அவர் எதிரில் எதைச் சொல்வேன்?

சிப்பாய் செத்த நாளிலிருந்து அத்தை சாப்பிடவில்லை. வெந்நீர் மட்டும் குடிக்கிறார். நேற்று நடுராத்திரி கண் விழித்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து என் மூக்கருகே கையை வைத்திருந்தார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். காலையில் "நாக்க நீட்டு" என்றார். நீட்டினேன். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அந்தத் தட்டில் வேறு எதையோ கலந்துவிட்டேன் என்று நினைக்கிறாரோ? ஒருவேளை அவருக்கென்றே கலந்தேன் என்றுகூட?

பிள்ளை இன்னும் அசையவில்லை. அல்லது பயத்தில் எனக்குத்தான் தெரியவில்லை.

சந்திரா

*

திண்டிவனம்
19.11.1986

என் கண்ணே,

முதலில் இதைப் படி. உனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

நேற்று அந்த அம்மாளைப் பார்த்துவிட்டேன். "நாய்" என்று நான் வாயைத் திறந்ததுமே அவர் கையிலிருந்த மாவுக் கரண்டி நின்றுவிட்டது. அவர் சொன்னதைக் கெங்கம்மாள் தமிழில் சொன்னாள்: "கொக்கோ நாய்க்கு ஆவாதாங்க. மனுசாளுக்கு இனிப்பு, அதுக்கு விசம். அவங்க ஊர்ல கொழந்தைக்குக்கூட தெரியுமாம். வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு ஒரு தரம் வழிச்சித் துன்னதுக்கு ஒண்ணும் ஆவாதாம்." அங்கிருந்து நேரே நம் ஊர் டாக்டரம்மாவிடம் போனேன். அவரும் உனக்குப் பயமில்லை என்றார். அசைவு தெரியவில்லை என்றால் மட்டும் ஒரு தடவை காட்டிவிடு என்றார். காட்டிவிடு.

எத்தனை கரண்டி போட்டாய் என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இனி ஒரு சங்கடம். இதை நீ வீட்டில் சொன்னால் உன்மேல் பழி இல்லை. ஆனால் தட்டை வைத்தது உன் மாமியாரின் கை. எறும்பைக்கூட ஊதி நகர்த்திவிட்டுக் கோலம் போடுகிற மனுஷி அவர். தன் கையாலேயே அந்த ஜீவன் போனது என்று தெரிந்தால் தாங்குவாரா? அதனால் ஒன்று செய். "மாமா கெட்டுப்போன மாவை அனுப்பிட்டாரு" என்று சொல்லிவிடு. பாவம் என் தலையில் விழட்டும். என்னை வாசல்படி மிதிக்கக் கூடாது என்பார்கள். மிதிக்கவில்லை. உன் வளைகாப்பைத் தெருக்கோடியில் நின்று பார்த்துக்கொள்கிறேன். சக்கரவர்த்திகள் வனவாசம் போவது புதிதா என்ன?

ஜினபாலன்

*

விழுப்புரம்
21.11.1986

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி சொல்லத்தான் போனேன். அத்தை கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தார். "மாமா அனுப்பின மாவு" என்று தொடங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். பொய் வரவில்லை. உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டிவிட்டேன். வாணலியை வழித்ததையும் சொன்னேன்.

"தெரியும்டி. அன்னிக்கே ஒன் வாயோரத்துல ஒட்டிக்கினு இருந்திச்சி" என்றார்.

"அப்ப ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா பயந்துக்குவ. பயந்தா உள்ள இருக்கிறதும் பயந்துக்கும். ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியிற மட்டும் சோறு தொடறதில்லன்னு இருந்தேன். தூங்கறியா, மூச்சு வருதான்னு பாத்துக்கினே கெடந்தேன்."

ஒரு வாரமாக இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப எங்கையாலதான் போச்சா அது?" என்றார்.

"ஆமாம் அத்தை."

"சரி. அத நான் பாத்துக்கறேன். ஒன் வயித்துக்கு ஒண்ணும் இல்லல்ல? அது போதும்." எழுந்தவர் திரும்பி, "அந்த மனுசன் நாலு கரண்டியக் குடிச்சாரே, நல்லா இருக்காரா?" என்று கேட்டார். வளைகாப்புக்கு முதல் ஆளாக வரச் சொன்னார்.

இன்று ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனோம். குழாயை வயிற்றில் வைத்து, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை அத்தையையும் கேட்க வைத்தார்கள். அவர் காதை எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து, பொழுது இருக்கும்போதே, எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு வழக்கம்போல் ஒரு கவளத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "சிப்பாய்" என்று கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

படித்துக் காட்டும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன் மாமா. அந்த அம்மாள் சொன்னது ஒரு கரண்டி. நீங்கள் எழுதியது நாலு. ஒரு கரண்டி போட்டிருந்தால் சிப்பாய் பிழைத்திருக்குமோ என்னவோ. அது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

செஞ்சிக் குரங்குகளை எத்தனை வேண்டுமானாலும் இறக்குங்கள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே படித்துச் சிரிப்போம். அளவை மட்டும் சரியாக எழுதுங்கள்.

உங்கள்
சந்திரா