தூசிப் புத்தகம்

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் மொட்டைமாடியில் கஞ்சி தடவிய தாள் ஒன்றைக் காயவைத்தேன். சாயங்காலத்துக்குள் சுரங்கத் தூசி அதில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எல்லாவற்றையும் மடித்துத் தைத்தால் புத்தகம்.

ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கிளமென்ட் சிரிக்கிறார். "ஊரே தூசியத் தொடைக்குது, நீ சேக்குற. எழுத்தே இல்லாதத எவன் படிப்பான்?"

படிக்காட்டிப் போகட்டும். செய்வேன்.

ஜூன் 10

புதுச்சேரியில் புத்தகக் கண்காட்சி நடத்துபவர் போனில், "கதையா, கவிதையா?" என்றார். தூசி என்றேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம்!

ஜூன் 15

போச்சு. எல்லாம் போச்சு.

தைத்த புத்தகத்தைக் கடைசியாக ஒரு நாள் தூசி படியட்டும் என்று மாடியில் விரித்துவிட்டு வடலூர் போனேன். துணி எடுக்கப் போன கீழ்வீட்டு ராஜாம்பாள் அக்கா, ஈரத்துணியால ஒவ்வொரு பக்கமா தொடச்சி வச்சிருக்காங்க. "பாவம், புள்ள புஸ்தகம் கரி புடிச்சிக்கினு கெடந்துச்சேன்னு..."

கத்திட்டேன். அவங்க அழுதுட்டாங்க. யாரைத் திட்ட? இந்த ஊர்ல தூசியப் பார்த்தா யார் கைதான் சும்மா இருக்கும்?

இரவு

"அவர நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு" என்கிறார் கிளமென்ட். மாட்டேன்.

திரும்பப் பார்த்தேன். கஞ்சி கரைந்து, பக்கத்துக்குப் பக்கம் விரல் இழுத்த வளைவுகள். மூலையில் ஒதுங்கிய கருப்பு. முன்னைவிட நன்றாக இருக்கிறது. அதுக்கும் கோபம் வருது.

காலையில் அக்காவிடம் போக வேண்டும்.

ஜூன் 16

வந்தவருக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் என் பெயரோடு அக்கா பெயரும் போட வேண்டும் என்றேன்.

"தொடச்சவங்க பேரெல்லாமா போடுவாங்க?"

"போடலன்னா புத்தகம் இல்லைங்க."

காபியை முழுசாகக் குடித்து முடித்துத்தான் சரி என்றார்.

ஜூலை 7, புதுச்சேரி

அக்கா பட்டுப்புடவையில் வந்து மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கண்ணாடி போட்ட ஒருவர் கடைசிவரை புரட்டிவிட்டு, "புத்தகம்னா எழுத்து வேணுமில்லையா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா அட்டையைக் காட்டினார். "ஏங்க, எங்க ரெண்டு பேரு பேரும் எழுதித்தானே கெடக்குது?"

அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.