ஒருசந்தி நாட்களின் மாத்திரை

ரோஸ்மேரி,

குனிந்து குனிந்து பூப்பறித்த இடுப்பு இன்னும் கடுக்கிறது. இருந்தாலும் இன்றும் பூப்பறிக்கப் போகிறேன். வாசலிலிருந்து பார்த்தால் இருட்டுக்குள் மல்லிகை மொட்டு மட்டும் வெள்ளையாகத் தெரிய, தோட்டமே வானத்தில் மிதக்கிறது.

காலை பத்து மணிக்கு நர்ஸ் பாத்திமா மறுபடியும் என் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வரும். அதற்குள் வந்துவிடுவேன்.

போன மாதம் காகிதத்தில் ஒற்றி மெசினுக்கு அனுப்பிய என் ரத்தச் சொட்டில் இதய மாத்திரையே இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதும், "எம் புருசன் பொய் சொல்ல மாட்டாரு, ஒம் மெசினுதான் பொய் சொல்லுது" என்று விரட்டினாயே. மெசின் சொன்னது நிஜம். மகள் கிளாராவின் பிரசவத்துக்காகத் தவக்காலம் முழுக்க உனக்குத் தெரியாமல் காலைச் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருந்தேன். நீ கட்டித்தந்த இட்லியை நாய் தின்றது. வெறும் வயிற்றில் போடக்கூடாதென்று மாத்திரையைப் பாத்தியில் வீசினேன். திட்டுவாய் என்றுதான் சொல்லவில்லை.

ராத்திரி கனவில் அந்தச் சொட்டு, காகிதத்தோடு நம் துணிக்கொடியில் காய்ந்துகொண்டே என்னைப் பார்த்தது.

இன்று பழையசோறு குடித்துவிட்டு மாத்திரை போட்டுவிட்டேன். மிச்சம் மூடியிருக்கிறது, சாப்பிடு.

கிளெமென்ட்

இன்னொன்று: பாத்திமா வந்தால் உட்காரவைத்துக் காபி கொடு. நீ ஒன்றும் பேசவேண்டாம். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்தக் கடன் இன்னும் பாக்கி.