பச்சைப் பொட்டில் நின்ற வண்டி

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. பத்து மணிக்கு மேல் நான் எது அனுப்பினாலும் உனக்குக் கோபம் வரும். "பாதி ராத்திரியில எவளாவது கார்னரிங் பத்திப் பேசுவாளாடி? உறங்குடி!" என்று குரல் பதிவு வரும். பிறகு நீயே அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசுவாய். இன்று என் மகள் குட்டி உறங்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. என் விரலெல்லாம் நெயில் பாலிஷ் வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாடை வந்தாலே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாய். அப்புறம் எப்படி உறங்குவது?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்கவில்லை. விற்கப் போகிறேன் என்பதையே உனக்குச் சொல்லவில்லை, இல்லையா? அதையும் சொல்கிறேன்.

உன் வீட்டு வாசலில் வைத்து வண்டியை அளந்தோமே, நினைவிருக்கிறதா? மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் ஒரு குட்டியானை வண்டி நுழைந்தாலும் பக்கக் கண்ணாடியை மடக்க வேண்டும். களமசேரியில் கடைசி வருடம் படிக்கும்போது நாம் பாதிப்பாதி போட்டு வாங்கிய அந்தப் பழைய பைக் அங்கே நின்றது. முதல் தடவையாக ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறோம். மே மாத வெயிலில், இரவல் வாங்கிய லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நான் வண்டிமேல் வெந்துகொண்டிருந்தேன். சாயாக்கடைச் சேட்டன் முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடித்திருந்தார். நீ பின்சக்கரத்தின் அருகில் குத்தவைத்து உட்கார்ந்து டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாய்.

"இதெந்தா மோளே, கல்யாணப் பொண்ணுக்கு அளவெடுக்குற மாதிரி?" என்றார் சேட்டன்.

"கல்யாணம்தான் சேட்டா. இவளுக்கும் வண்டிக்கும். பொருத்தம் பாக்குறேன்" என்றாய் நீ.

"மாப்ள செறுக்கன் கறுத்துப் போயிட்டானே!"

நான் சிரித்ததில் வண்டி ஆடியது. அளவு தப்பிப்போயிற்று என்று இருவரையும் திட்டினாய்.

யாரும் ஏறாதபோது வண்டியின் பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஆள் ஏறியதும் எவ்வளவு அமிழ்கிறது என்பதுதான் உனக்கு வேண்டியிருந்தது. அதிகமாக அமிழ்ந்தால் வண்டி தாழ்ந்துபோகும். வளைவில் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரையில் இடிக்கும். பின் ஸ்பிரிங்குக்கு மேலே படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கிறதே, அதைக் கொக்கி ஸ்பானரால் ஒரு படி திருப்பி இறுக்குவாய். என்னை இறங்கி ஏறச் சொல்வாய். அளப்பாய். மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"முன்பக்கத்தையும் சேத்து மாத்திடேன். ஒரேயடியா முடிஞ்சு போகும்."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு நேரத்துல ஒண்ணு. ரெண்டை மாத்தினா எது நல்லது பண்ணிச்சு, எது கெடுத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? உனக்கா, சேட்டனுக்கா?"

சரியான படி அமைந்ததும் உன் பையிலிருந்து நெயில் பாலிஷ் குப்பி ஒன்று வெளியே வந்தது. ஃபோர்ட் கொச்சி நடைபாதையில் வாங்கியது. நகத்தில் நீ ஒருநாளும் பூசியதில்லை. வளையத்தில் என் படிக்குச் சிவப்பில் ஒரு பொட்டு வைத்தாய். பிறகு நீ ஏறி உட்கார்ந்து, என்னை அளக்கச் சொல்லி, உன் படிக்குப் பச்சையில் ஒரு பொட்டு. நீ ஒல்லிப்பிச்சான், உன் பொட்டு என்னுடையதைவிட இரண்டு படி தளர்ந்து இருந்தது. "ஓட்டப் போறவ அவ பொட்டுக்குத் திருப்பிட்டுத்தான் ஏறணும். மறந்தா எங்கிட்ட அழக் கூடாது, கேட்டியா?"

நான் மறந்துவிட்டேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

குட்டி என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது நீ மட்டும் டிராக்குக்குப் போய் வந்தாய். திரும்பியதும் நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்று, வண்டியை அணைக்காமலே, "அந்த நீளமான லெஃப்ட் கார்னர் இருக்கே, அது நமக்குன்னே போட்டிருக்கான்டி" என்றாய். மறுவாரம் மழை பிடித்தது. சந்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது நேரங்கடந்துவிட்டது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். உனக்கும் அந்தப் பேச்சுப் பிடிக்காது. பதினாறாம் நாள் முடிந்து உன் அம்மா சாவியை என் கையில் வைத்து, "அவ பாதியும் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்கள்.

அதன்பின் அது வீட்டு வண்டியாயிற்று. கிராஷ் கார்டும் சாரி கார்டும் மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். எந்தப் பொட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நாள்களில் குட்டி மூச்சுவிடுகிறாளா என்று பார்ப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சுவிட்ச் போர்டு, மாடிப்படி, ஜன்னல் கம்பி, எல்லாமே அவளை விழுங்கக் காத்திருப்பதுபோல இருக்கும். என் வீட்டுக்காரருக்கு நீ மிளகு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாயே, அவர்தான் கடைசியில், குட்டி பேசத் தொடங்கிய பிறகு, சொன்னார்: "எடோ, ஒருநாள் டிராக்குக்குப் போயிட்டு வா. இங்க வீட்டுல பயப்படுறத விட அங்க நீ கம்மியாத்தான் பயப்படுவே."

போனோம். அவருடைய கம்பெனியில் இஞ்சிமூட்டை ஏற்றும் பிக்கப்பில் வண்டியைக் கட்டி, பாலக்காடு தாண்டி, கோயம்புத்தூர் பக்கத்து அதே டிராக்குக்கு. சாரி கார்டு, கிராஷ் கார்டு எல்லாம் கழற்றியாயிற்று. உன்னுடைய அந்த லெஃப்ட் கார்னரில், சாயத் தொடங்கியதுமே இடது ஃபுட்ரெஸ்ட் தரையில் அடித்தது. உரசல் இல்லை, அடி. கால் தெறித்தது, பின்சக்கரம் ஒரு கணம் தூக்கிக்கொண்டது, வண்டி வளைவை விட்டு வெளியே புல்லில் ஓடி நின்றது. விழவில்லை. ஆனால் அந்தப் புல்லில் நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இன்றைக்கு இவளுக்கு யார் சோறூட்டுவார்கள்?

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? திட்டாதே. வண்டியை உயர்த்தினால் போதும் என்று, ஃபுட்ரெஸ்டுகளை மேலே தூக்கிவைக்கிற செட் ஒன்று வாங்கி மாட்டினேன். அதோடு விடாமல், முன் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் கீழே இறக்கி முன்பக்கத்தையும் உயர்த்தினேன். இரண்டும் ஒரே நாளில். மறுமுறை போனபோது ஃபுட்ரெஸ்ட் அடிக்கவில்லை. ஆனால் வண்டி திரும்பவே மாட்டேன் என்றது. மூக்கு மேலே, பின்பக்கம் கீழே, எப்படித் திரும்பும்? ஒவ்வொரு வளைவிலும் வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தைப் பார்க்க அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கோளாறு எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பெற்ற பிறகு உள்ளுக்குள் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள், இனி அந்தப் பழையவள் வர மாட்டாள் என்று. அன்றிரவே விற்பனைக்குப் படம் போட்டேன். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இடப்பள்ளியிலிருந்து ஒருவர் ஞாயிறு மாலை பார்க்க வருவதாகச் சொன்னார். காலையில் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாக வண்டியைத் தேய்க்க உட்கார்ந்தேன். பின் ஸ்பிரிங்கில் செயின் எண்ணெயும் தூசியும் கட்டியாக ஒட்டியிருந்தன. தேய்க்கத் தேய்க்க முதலில் சிவப்புத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, வளையம் இப்போது நின்றிருந்த படியில், பச்சை.

பல்துலக்கியைக் கீழே வைத்தேன். நீ கடைசியாக ஓட்டிவிட்டு வந்த அந்தப் படியிலேயே இருந்தது. இத்தனை நாளும் அந்த வண்டி உன் எடைக்குத்தான் நின்றுகொண்டிருந்தது, அதன்மேல் நான் ஏறி ஓட்டியிருக்கிறேன். அதுவும் பழைய நான் இல்லை. எத்தனை கிலோ கூடியிருக்கிறேன் என்று உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

உடனே அளக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் உனக்கே தெரியும், அதற்கு மூன்று பேர் வேண்டும். சேட்டன் கடையை மூடிவிட்டு மகனோடு திருச்சூர் போய்விட்டார். மிளகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னேன். அத்தையைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அத்தை தையல் டப்பாவிலிருந்து துணி டேப்போடு வந்தார்கள். நான் முழு லெதர் சூட்டில் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தேன். குட்டி என்னைப் பார்த்து அழுதாள். அப்புறம் கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டியதும் சிரித்தாள்.

"அசையாதே மோளே. மூச்சை உள்ள இழுக்காதே, நெசமான அளவு வரட்டும்" என்றார்கள் அத்தை. "இருவத்திரண்டரை."

"அம்மா, அது இஞ்ச். மறுபக்கம் திருப்பிப் பாரு" என்றார் இவர்.

"பிளவுஸுக்கு இஞ்ச்தானேடா."

"வண்டிக்கு பிளவுஸா தைக்கிறே?"

மூன்றுமுறை அளந்தோம். நீ அன்று சொன்ன அளவைவிட ஏறக்குறைய இருமடங்கு அமிழ்ந்திருந்தது. நான் வண்டிமேலேயே சிரிக்க ஆரம்பித்தேன். அத்தைக்கு விளங்கச் சொன்னேன்.

"அப்போ உனக்கு ஒண்ணும் ஆகலை. வண்டிதான் தாங்காம உக்காந்து போச்சு. இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே?" என்றார்கள்.

முன்பக்கத்தைப் பழையபடி இறக்கினேன். தூக்கிவைத்த ஃபுட்ரெஸ்டையும் கழற்றிப் பழையதை மாட்டினேன். மிச்சம் ஒன்றே ஒன்று. கொக்கி ஸ்பானரை வளையத்தில் மாட்டிவிட்டு, திருப்ப மனம் வராமல் நின்றேன். பச்சையைவிட்டு நகர்த்த வேண்டுமே.

"என்ன? கை எட்டலையா? நான் திருப்பட்டா?" என்றார்கள் அத்தை.

யாருடைய பொட்டு என்று சொன்னேன். அத்தை குனிந்து பார்த்தார்கள். "அழிக்கவா போறே? அவ பொட்டு அங்கயே இருக்கும். நீ அடுத்த படிக்குப் போறே, அவ்வளவுதானே. திருப்பு."

திருப்பினேன். சிவப்பையும் தாண்டி ஒரு படி.

மாலையில் இடப்பள்ளிக்காரர் வந்தார். விற்பனைக்கில்லை என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. "சேச்சி, இந்த டிராஃபிக்ல இவ்ளோ தூரம் வந்தேனே! போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லே?" சாயாவும் பழம்பொரியும் கொடுத்து அனுப்பினோம். போகும்போதும் வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் கேட்டின் குறுக்கே நின்றுகொண்டேன்.

இன்றைக்குத்தான் டிராக்குக்குப் போய்வந்தோம். முதல் சுற்று முழுக்க மெதுவாகப் போனேன். இரண்டாவதில் அந்த லெஃப்ட் கார்னர் வந்தது. இடுப்பை உள்ளே இறக்கி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துச் சாய்ந்தேன். அடிக்கப் போகிறது, அடிக்கப் போகிறது என்று கால்விரலெல்லாம் சுருண்டிருந்தது. அடிக்கவில்லை. வண்டி நான் பார்த்த இடத்துக்குப் போனது. எத்தனையோ சுற்றுக்குப் பிறகு, நன்றாகச் சாய்ந்தபோது மட்டும், ஃபுட்ரெஸ்டின் கீழிருக்கும் குமிழ் கிர்ரென்று லேசாகத் தரையைத் தொட்டது. போதும்டி, இதுக்கு மேல வேண்டாம் என்று நீ சொல்கிற மாதிரியே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் "அப்பாடா" என்று சத்தமாகச் சொன்னேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலமாயிற்று!

நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய் நிழலில் குட்டி அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா விழலியா?" என்றாள். விழவில்லை என்றேன். "நாளைக்கு விழுவியா?" என்றாள். அவர் தலையிலடித்துக்கொண்டார். முன்பானால் அந்தக் கேள்விக்கே நான் உடைந்துபோயிருப்பேன். இன்று அவளுக்குச் சோறூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுப் படிக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று குப்பியை எடுத்தேன். நிறத்தைக் குட்டிதான் தேர்ந்தெடுத்தாள், கண்ணைப் பறிக்கும் நீலம். வளையத்தில் ஒன்று, அவளுடைய பத்து விரலிலும் பத்து. அதனால்தான் உறங்க இவ்வளவு நேரம். இப்போது வளையத்தில் பச்சை, சிவப்பு, நீலம். சாரி கார்டையும் மாட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை வருகிறதே என்று அத்தை இரண்டுமுறை நினைவுபடுத்திவிட்டார்கள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வண்டி மட்டும் இல்லை. போன வாரம் குட்டிக்குக் காய்ச்சல். முன்பென்றால் ஒரே நேரத்தில் மருந்து, ஈரத்துணி, கஷாயம், டாக்டர், அழுகை என்று எல்லாவற்றையும் செய்திருப்பேன். இந்தமுறை டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்று. விடியும்போது வியர்த்து இறங்கிவிட்டது. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரேயொரு தடவை வைத்தேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின்பக்கம் ஒருமுறை மேலும் கீழும் அசைந்துவிட்டுத்தான் அடங்குகிறது. ஸ்பிரிங்கை இறுக்கியதால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் அந்த ரீபவுண்ட் திருகை ஒரு கிளிக் கூட்டலாமா, அல்லது இன்னொரு நாள் இப்படியே ஓட்டிப் பார்க்கட்டுமா? நீ சொல்லாமல் தொட மாட்டேன். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அதற்குள் சீக்கிரம் பதில் போடு.