காதரின் வலது கை

12.7.1986, சனி

இன்று காதர் என் கண்முன்னே செத்துப் போயிருப்பான்.

துபாயிலிருந்து அவன் கொண்டுவந்த வீடியோ கேமுக்கு நாங்களே மரப்பெட்டி செய்கிறோம். ஆடித்தபசுத் திருவிழாவில் காசு வாங்கி ஆட விடப்போகிறோம்; கூட்டம் சேருமுன் முடித்தாக வேண்டும். காலையில் அவன் வீட்டில் பழைய டிவியின் கூட்டைக் கழற்றிவிட்டு, பிக்சர் டியூபைப் பெட்டிக்குள் பொருத்தினேன். படம் நன்றாக வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் டியூபுக்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

காதர் பின்கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தான். ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்தது. எடுக்கக் கையை விட்டான். நான் கத்துவதற்குள் சுவரில் மோதி விழுந்தான். மூச்சுப் பேச்சு இல்லை. முகத்தில் தண்ணீர் அடித்தபிறகுதான் கண் திறந்தான்.

"ஏன் வே இப்படி முழிக்கீரு? ஒண்ணுமில்ல" என்று சிரித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. "மைமூன்கிட்ட சொல்லிராதேயும். மாசமா இருக்கா, பயந்துருவா."

அவன் மனைவி மைமூன் டீ கொண்டுவந்தாள். இடது கையை நீட்டினான்.

"என்ன, பீச்சாங்கையால வாங்குதிய?"

"இந்தக் கையில பசை ஒட்டியிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கதவை ஆட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது விரல்களை மடக்கச் சொன்னேன். இரண்டு விரல் மடங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடிப்பதாகவும் அப்போதுதான் சொன்னான். அதற்குப் பிறகும் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

விடியும்வரை இருக்க முடியாது. சட்டையைப் போட்டுவிட்டேன். மைமூனிடம் சொல்லி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். தட்டினால் அவன் வந்து கதவைத் திறக்க வேண்டும். அவனேதான் திறக்க வேண்டும்.