மூன்றாவது கடல் இருட்டு இல்லை

புக்கிட் காத்தில், மலாக்கா
11.5.1997

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை மலர்விழி, நான் மூவரும் சுகம். கிளாஸ்கோ குளிரில் உனக்குச் சளி இருமல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, தெரியும். கோபித்துக்கொள்ளாதே. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் நீயே சிரிப்பாய். எனக்கு இப்போதே சிரிப்பு வருகிறது, எழுத்து கோணலாகப் போனால் அதனால்தான்.

பழைய வீடியோ கேம்களைப் பற்றி உங்கள் மாணவர் பத்திரிகையில் நீ எழுதும் விமர்சனங்களை நகலெடுத்து அனுப்பியிருந்தாய் அல்லவா, அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நின்றபடியே படித்தேன், பருப்பு அடிபிடித்துவிட்டது. அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் இப்போது ஆயர் குரோவுக்கு ஏற்றிப் போகும் தொழிற்சாலைப் பெண்களிடமெல்லாம் மகன் லண்டன் பேப்பரில் எழுதுகிறான் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார். கிளாஸ்கோ வேறு, லண்டன் வேறு என்றால், "ரெண்டும் குளிருதுலா, விடு" என்கிறார். எல்லாம் சரி. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஜூலை விடுமுறைக்கு வரவில்லை, அங்கேயே ஏதாவது வேலை பார்க்கப்போகிறாய் என்பது ஒன்று. டிவி கேம் பெட்டி இனி உனக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுக் கோமளா பிள்ளைக்குக் கொடுத்துவிடு என்பது இன்னொன்று. அதோடு, அடுத்த இதழில் நம்முடைய ‘கப்பல்’ கேமைப் பற்றி எழுதப்போவதாகவும், பத்துக்கு மூன்று மார்க் போட்டு வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தாய். மீன்கள் பாதி உடம்போடு வருகின்றன, கட்டத்துக்கு ஒரு கடல் என்றால் மூன்றாவது கடல் முழுக்க ஒரே கறுப்பு, செய்தவர்கள் சோம்பேறிகள், சின்ன வயது ரசனையை நம்பக்கூடாது என்று காரணமும் எழுதியிருந்தாய். இந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெட்டியும் வேண்டாம், ஆசையாக விளையாடியதும் சரியில்லை என்றால் பையன் மெல்லமெல்ல வீட்டையே கழித்துவிடுவானோ என்று எனக்குத் தூக்கம் போனது. என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

சரி, கொடுக்கிற பொருளைச் சும்மா கொடுக்கக்கூடாது, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று பெட்டியை இறக்கித் துடைத்தேன். காசெட்டுகளின் மேல் இருந்த ஜப்பான் எழுத்து நமக்குப் புரியாமல் நாமே பேர் வைத்தோமே, ‘பழம் பொறுக்கி’, ‘டாக்சிக்காரன்’, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். நீ எட்டு மார்க் போட்ட டாக்சிக்காரன் ஒரே அறுவையப்பா. ஏறுகிறான், இறங்குகிறான், அவ்வளவுதான். நினைவிலேயே ருசி பார்த்துக் குழம்புக்கு உப்புப் போட்டால் இப்படித்தான் ஆகும். பிறகு கப்பலை எடுத்தேன். காசெட்டின் வாயில், பெட்டியோடு தொடும் இடத்தில், வரிசையாகப் பல் மாதிரி தகடுகள் இருக்குமே, அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து பிடித்திருந்தது. துருவோ என்று முகர்ந்து பார்த்தேன். யுகேன், சந்தனம்!

நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது வந்த ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? அப்பா பஸ்ஸுக்கு, ஸ்பேனருக்கு, என் தையல் மெஷினுக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வர, என் கேமுக்கும் வையுங்கள் என்று நீ காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். கப்பல் வாங்கி அன்றைக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, ஆனாலும் உனக்கு உயிரே அதுதான், அதை நீட்டினாய். அவரும் வைத்துவிட்டார், கெட்டியாக, அந்தப் பல் வரிசையிலேயே. இப்போது கேட்டால் கொஞ்சம்கூட அசரவில்லை. "கத்திக்கு எங்க பொட்டு வெக்கிறோம்? வெட்டுற எடத்துலதானே. இதுக்கு எது வேல செய்யிற எடமோ அங்கதான் வெச்சேன், தப்பா?" என்றார். நானும் மலர்விழியும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பல் குச்சியால் சுரண்டி, காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டேன். மீனுக்கெல்லாம் வால் இருக்கிறதடா. மூன்றாவது கடல் இருட்டே இல்லை. அடியில் பவளம், மேலே வரிசையாக விளக்குப் படகுகள், தண்ணீர் நம் வீட்டுப் பச்சைக் கண்ணாடி ஜன்னல் மாதிரி மினுங்குகிறது. செய்தவர்கள் சோம்பேறிகள் இல்லை, பாவம், நாம் இத்தனை வருடம் அவர்கள் வேலையின் மேல் சந்தனம் பூசிவிட்டுக் குறை சொல்லியிருக்கிறோம்.

வேடிக்கை இனிமேல்தான். வெளிச்சத்தில் என்னால் விளையாடவே முடியவில்லை. படகைப் பார்ப்பேன், பவளத்தைப் பார்ப்பேன், வெடி வந்து மோதிவிடும். அந்தக் காலத்தில் நீயும் நானும் அந்த இருட்டில் வெடியின் டுப் டுப் என்ற சத்தம் நெருங்குவதை வைத்துத்தானே கப்பலை ஒதுக்குவோம்? அதேபோல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "அம்மா, அம்மா, போயிக்கிட்டே இருக்கு, கண்ண தெறக்காதீங்க" என்று மலர்விழி காதுக்குள்ளேயே கத்துகிறாள். கண்ணைத் திறந்தபோது நான்காவது கடல். நாம் ஒருநாளும் பார்க்காத நான்காவது கடல், யுகேன். இதனால்தான் பதில் எழுத இத்தனை தாமதம். வீட்டு வேலை அப்படியே கிடக்கிறது, உன் தங்கை மேகி நூடுல்ஸ்தான் சாப்பிடுகிறாள், கேட்காதே.

அந்த நேரம் பார்த்துக் கோமளா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெட்டி வாங்க வந்துவிட்டாள். ஜூலையில் அண்ணன் வந்து அவன் கையாலேயே கொடுப்பான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை வேலிப் பக்கம் நின்று தினமும் கேட்கிறது. நான் சொன்ன சொல்லை நீதான் காப்பாற்ற வேண்டும்.

அதனால் ஒன்று செய். அந்த மூன்று மார்க்கை இப்போதைக்கு அச்சுக்குக் கொடுக்காதே. பத்து போடு என்று நான் சொல்லவில்லை, விளையாடிப் பார்த்துவிட்டு ஒன்றே போட்டாலும் சரி. வேலை அங்கே எப்போதும் கிடைக்கும். சாக்ஸ் ஈரமாகப் போடாதே, தலைக்கு எண்ணெய் வை. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கும். ஜூலையில் பெட்டியைக் கொடுக்கும்போது பொட்டு அதன் மூடிக்கு மட்டும்தான் என்று அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

நான்காவது கடலில் என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன். மலர்விழிக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. வந்து பார்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அம்மா,
நா. தேவமலர்