ஊறுகாய் ஜாடிக்குள் மின் சிகரெட்

ஷூயிங்,

சிகரெட்டை விடுவதற்காக நானே செய்த மின் சிகரெட் சூடேறிப் புகைந்ததும், பதற்றத்தில் அதை உன் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டவன் நான்தான். மறுக்கவில்லை. சிச்சுவானிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்து நீ கொண்டுவந்த, ஊறுகாய் ஊறவைக்கும் பழைய உப்புநீரைக் கொட்டிவிட்டேன்; அதில் நஞ்சு இறங்கியிருக்கும். ஜாடியைத் தொடாதே, வேறு வாங்கலாம்.

கோளாறு பேட்டரியில் இல்லை. சூடேறும் கம்பிச்சுருள் உலோக உறையில் உரசியிருக்கிறது. தொழிற்சாலையில் நாள் முழுக்க இப்படிப்பட்ட கோளாறுகளைத்தான் பிறருக்குக் கண்டுபிடித்துச் சொல்கிறேன். அந்த மேதைதான் எழுதுகிறேன்.

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. அசதியாக இருக்கிறது, ஆனாலும் வேலைக்குப் போகிறேன்.

ஹாவ்பிங்

பி.கு.: நேற்றிலிருந்து நீ வாயே திறக்கவில்லை. கோபம் ஊறுகாய்க்காகவா? மின் சிகரெட்டை இன்னொரு முறை செய்து பார்க்கட்டுமா, வேண்டாமா?

(அடியில், ஷூயிங்கின் கையெழுத்தில்)

யோவ், ஊறுகாய் திரும்பப் போட்டுக்கலாம். உன் விரல் போயிருந்தா எங்கய்யா போய் வாங்குறது? வேண்டாம். எந்தக் கருவியும் இல்லாம சிகரெட்டை சும்மாவே விட்டுடு. எரிச்சல்ல கத்துனா கத்திக்கோ, நான் கேட்டுக்கிறேன்.