கிழட்டு லேப்டாப்பைத் தூக்கிப் போட மாட்டேன்

ட்ரோம்சோ, நார்வே

அன்புள்ள இர்மேலி,

உன் இடுப்புவலி எப்படி? நான் நலம், இங்கே நான் வளர்க்கும் பண்ணை மீன்களும் நலம்.

வீடியோவில் பேச நான் உட்கார்ந்தால், என்னிடமுள்ள நம் கிழட்டு லேப்டாப் உயிர்பெறுவதற்குள் அங்கே நீ தூங்கிவிடுகிறாய் அல்லவா? "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குய்யா!" என்றான் படகுக் கூட்டாளி சீக்பியோர்ன்.

"முழங்கால் தேஞ்சா ஆளையே தூக்கிப் போடுவியா?" என்று கேட்டுவிட்டு, வீம்பாக, இருப்பதிலேயே வேகமான எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை சேமிப்பு வட்டை வாங்கினேன். சூயிங்கம் பட்டை அளவுதான். மீன்கத்தி முனையால் லேப்டாப்பைத் திறந்தால், அதைச் செருக இடமே இல்லை! சீக்பியோர்ன் சிரித்ததில் படகே ஆடியது. நான் அசரவில்லை. பழைய ஹார்டுடிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும் தட்டை வகையாக மாற்றி வாங்கிவிட்டேன்.

திருகாணிகளைப் பூட்டத்தான் கத்தி உதவாது. நம் வீட்டு சவுனா நீராவிக் குளியலறை அலமாரியிலுள்ள சின்னத் திருப்புளியை அனுப்பு. உன் கம்பளிக் காலுறையில் சுற்றி அனுப்பு, துவைக்க வேண்டாம்.

அது என் கைக்கு வந்ததும், சனிக்கிழமை சவுனா முடிந்து தலை துவட்டாமல் திரைமுன் உட்கார். நீ கொட்டாவி விடுமுன் நான் திரையில் வந்து நிற்பேன்.

படகு கூப்பிடுகிறது.

உன்
தார்மோ